மன்சூர் காக்கா வரையாத மண்

லுஹர் தொழுதுவிட்டுப் பள்ளியை விட்டு இறங்கும்போது செய்தி வந்தது. எங்கள் பழைய அலுவலகக் காவலாளிதான் தொலைபேசியில் சொன்னார். "மன்சூர் காக்கா மௌத்தாகிட்டார். அசருக்குப் பொறகு அடக்கம்." சிறிது நேரத்தில் எங்கள் திட்டப் பொறியாளரிடமிருந்தும் ஒரு குறுஞ்செய்தி வந்தது. நேர்மையான ஊழியர் ஒருவரை இழந்துவிட்டோமாம். அதை வாசித்தபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அந்த நேர்மையை இதே பொறியாளர் என்ன பாடுபடுத்தினார் என்பது எனக்குத் தெரியும். என் பங்கும் எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மன்சூர் காக்கா சாய்ந்தமருதில் பிறந்த படவரைஞர்; எங்களுக்கெல்லாம் மூத்தவர் என்பதால் காக்கா, அண்ணன். கல்முனைப் பகுதியில் அவர் மைப்பேனாவால் வரைந்த வீடுகளில் பாதி சுனாமியில் கடலோடு போயின. அவருடைய ஒரே மகளும் போனாள். அதன் பிறகு, வீடு கட்டிக்கொடுக்க வந்த நிவாரண நிறுவனமொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். மருதமுனையிலிருந்து நானும் அதே வாரம் அங்கே சேர்ந்தேன். கொழும்பில் படித்துவந்த எனக்குக் கணினி தெரியும். அவருக்கு மண் தெரியும். எங்கள் மேசைகள் அடுத்தடுத்து இருந்தன.

வரைபடத்தில் ஒரு பரப்பைக் கோடுகளாலும் புள்ளிகளாலும் நிரப்புவதை ஹேட்ச் என்போம். செங்கல்லுக்கு ஒரு பாணி, மணலுக்கு ஒரு பாணி. பார்க்கிற மேசன் அதைக் கொண்டுதான் எது என்னவென்று அறிவார். முதல் மாதத்தில் காக்கா ஹேட்சின் அளவைக் கொடுக்க மறந்துவிட்டார். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிக் கணினி திணறியது. அச்சில் வந்த தாள் முழுக்கக் கறுப்பு. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்டைக்குக் கடல் இந்த நெறத்திலதான் வந்த" என்றார். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஆறு மாதத்தில் அவர் என்னை மிஞ்சிவிட்டார். மென்பொருளோடு வரும் பாணிகள் அவருக்குப் போதவில்லை. வீடு போய் அத்திவாரம் மட்டும் மிஞ்சிய வளவுக்கு அதில் பாணி கிடையாது. கிணறு உப்பான காணிக்கும் கிடையாது. கோணம், இடைவெளி, கோட்டின் நீளம் என்று எண்களை வரிவரியாக எழுதித் தானே பாணிகளை உருவாக்கினார். பரப்பை நிரப்பும் முன் எல்லைக்கோட்டின் ஒவ்வொரு மூலையையும் பெருப்பித்துப் பார்ப்பார். மயிரிழை இடைவெளி இருந்தாலும் விடமாட்டார். எங்களுக்குப் பசி வந்தாலும் அவருக்குக் கவலையில்லை.

அவர் உருவாக்கியவற்றில் முக்கியமானது, மூடிய வயலுக்கான பாணி. சதுப்பு நிலத்தின் குறுங்கோடுகளுக்கு மேல் சாய்ந்த கோடுகள் ஓடும். ஊருக்கு மேற்கே எங்கள் திட்டத்துக்குக் கிடைத்த காணியில் பாதி அப்படிப்பட்டது. பள்ளமான வயலில் கிறவல் மண் கொட்டி நிரப்பியிருந்தார்கள். காக்கா அந்தப் பாதியை இந்தப் பாணியால் நிரப்பி, விளக்கப் பட்டியலில் எழுதினார்: 'நிரப்பிய சதுப்பு. அத்திவாரம் ஆழப்படுத்தாமல் கட்டக் கூடாது.'

பொறியாளருக்கு அது பிடிக்கவில்லை. யுத்தம் முடியப்போகிறது, முடிந்ததும் கொடையாளர்கள் எல்லோரும் வடக்குக்குப் போய்விடுவார்கள், அதற்குள் அனுமதி வாங்க வேண்டும் என்று அவசரப்பட்டார். கடல் வந்த நாளின் நினைவுக்கு காக்கா ஒவ்வொரு வருடமும் லீவு எடுத்து, மகளுக்காகக் குர்ஆன் கத்தம் ஓதுவார். பொறியாளர் அந்த நாளைப் பார்த்துத்தான் என்னைக் கூப்பிட்டார். அந்தக் கோடுகளை மாற்றிச் சாதாரண மண்ணாக்கு என்றார்.

நான் மாற்றினேன்.

நிரப்பிய பரப்பின்மேல் இரண்டு முறை அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். அதில் வேறு பாணியைத் தெரிவுசெய்தால் போதும். அரை நிமிடத்தில் சதுப்பு நல்ல மண்ணாகிவிட்டது. விளக்க வரியையும் அழித்தேன். வேலை போய்விடுமென்று பயந்தேன் என்பது உண்மை. அது நியாயமாகாது என்பதும் உண்மை. தாளின் மூலையில் 'வரைந்தவர்: மன்சூர்' என்பது அப்படியே இருந்தது. எனக்கு அது நினைவிலேயே வரவில்லை.

மறுநாள் காக்கா திரையைப் பார்த்தார். தாளின் மூலையைப் பெருப்பித்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"என்ட பேரையாவது அழிச்சிரிக்கலாமே தம்பி."

அன்றே மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. வீடுகள் எழும்பின. யுத்தமும் முடிந்து, ஊரெல்லாம் வெடி கொளுத்தினார்கள். அடுத்த மாரி மழையில் அந்தப் பாதியிலிருந்த வீடுகள் மண்ணுக்குள் இறங்கின. கடல் தின்றது போக மிஞ்சி வந்த சனங்களின் சுவர்களில் கை நுழையும் வெடிப்பு. அவர்கள் வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தபோது, பொறியாளர் தாளின் மூலையைத் தொட்டுக் காட்டினார். காக்கா என்னை ஒரு முறை பார்த்தார். "ஓம், என்ட பேர்தான்" என்றார். அதோடு அவருடைய வேலையும் போனது, ஊரில் இருந்த மதிப்பும் போனது. என்னைக் காப்பாற்றிய அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் அவர்மீதும் எனக்குக் கோபம் வருகிறது. யார் கேட்டார்கள் அதை?

அடக்கத்தன்று, தொழுகைக்கு முன் அவருடைய தம்பி எழுந்து நின்றார். மையத்தாகக் கிடக்கும் இவர் யாருக்காவது நோவு கொடுத்திருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்து மாப்புக் கொடுங்கள் என்று வழமைப்படி கேட்டார். எல்லோரும் கொடுத்தோம் என்றார்கள். அந்தத் திட்டத்து வீட்டுக்காரரான மீனவர் ஒருவர் மட்டும், என்னால் ஏலாது என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். தம்பியின் முகம் கறுத்தது. இரண்டாம் வரிசையில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. பொறியாளர் முதல் வரிசையில் நின்றார்.

மூன்று நாள் என்னால் உறங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அந்த மீனவரின் வீட்டுக்குப் போய், மாற்றியது நான்தான் என்று சொன்னேன். அவர் கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்று முழுதும் கேட்டார்.

"மையத்து கிடக்கக்குள்ள நீ ஏன் செல்லல்ல?"

அவர் தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். காக்காவை அடக்கிய மையவாடிக்குப் போவதாகச் சொன்னார். நானும் வரவா என்று கேட்டேன்.

"அவருக்கு மாப்புக் குடுக்கத்தான் போறன். ஒனக்கு இன்னம் குடுக்கல்ல. நீ வராத."

அவர் போவதைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். காக்கா, அவர் வருகிறார். உங்களுக்கு வர வேண்டியது வந்து சேரட்டும். போய் வாருங்கள்.