பதினான்காம் பிரிண்டர்

நாமக்கல்லில் இருந்த அந்தக் கோழிப்பண்ணைக் கம்பெனியின் நெட்வொர்க்கில் இருநூற்றுப் பன்னிரண்டு சாதனங்கள். ஒவ்வொன்றும் இன்னதென்று எழுதிச் சத்யபிரியா கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் தணிக்கை. பட்டியலில் பொய் இருந்தால் அவள் வேலை கோயம்புத்தூர் ஒப்பந்தக் கம்பெனிக்குப் போய்விடும் என்று மேலாளர் குருமூர்த்தி சொல்லியிருந்தார்.

பெயர்களை மென்பொருளே போட்டுவிட்டது. அவள் அதை நம்பவில்லை. ஆட்டையாம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து பில் போடச் சேர்ந்தவள். மேசைகளுக்கடியில் தவழ்ந்து ஒயர்களைப் பிடித்துக்கொண்டே போய் இந்தத் தொழிலைக் கற்றவள். எந்தச் சாதனத்தையும் அதன் பழக்கத்தை வைத்துத்தான் எடை போடுவாள்.

பதினான்காம் பிரிண்டர் உறுத்தியது. பிரிண்டர் என்றால் யாராவது கூப்பிடும்வரை சும்மா இருக்கும். இது நிமிடத்துக்கொரு தரம் தானாக நெட்வொர்க்கில் பேசியது, ஞாயிற்றுக்கிழமையும். மூன்று மாதமாக ஒரு தாளும் அச்சடிக்கவில்லை. இணைப்பு மல்லசமுத்திரத்தில் கம்பெனியின் முட்டை பொரிக்கும் ஹேச்சரியில் முடிந்தது. ஸ்கூட்டரை எடுத்தாள்.

அங்கே பிரிண்டர் இல்லை. நாற்பதாயிரம் முட்டைகள் வைத்த புது அடைகாக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் தனபால் மறைக்கவில்லை. புதுச் சாதனத்தைச் சேர்க்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும், முட்டை காத்திருக்காது. ஆகவே செத்துப்போன பிரிண்டரின் பெயரையும் எண்ணையும் மிஷினுக்குப் போடும்படி அதை மாட்ட வந்தவர்களிடம் சொல்லிவிட்டார். சூடு ஏறினால் அவர் போனுக்குத் தகவல் வரும்.

“பிரிண்டர்னே உட்ருங்க அம்மிணி. ஆருக்குத் தெரியப்போவுது?”

“அச்சடிக்காத பிரிண்டரையெல்லாம் அடுத்த மாசம் நானே நெட்வொர்க்ல இருந்து கழிச்சுக் கட்டிருவேனுங்ண்ணா. அப்பறம் சூடு ஏறுனா உங்க போன் அடிக்காது.”

தனபால் மிஷினைப் பார்த்தார்.

மிஷினுக்கு அதன் சொந்தப் பெயரைக் கொடுத்தாள். சூட்டு எச்சரிக்கை அனுப்ப மட்டும் வழிவிட்டு அதன் மற்ற இணைப்புகளை அடைத்தாள். பட்டியலில் பழைய பெயர், புதுப் பெயர், நடந்த தவறு மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தணிக்கைக்கு முந்தின நாள் இப்படி ஒரு திருத்தம் தேவையா என்று குருமூர்த்தி கேட்டார்.

“கேட்டாங்கன்னா நான் சொல்லிக்கிறேனுங்க சார்.”

கேட்டார்கள். அந்த ஒரு வரியைப் பற்றி அரைமணி நேரம். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று மூன்று விதமாகக் கேட்டார்கள். பிரிண்டர் தானாகப் பேசாது என்று மூன்றுக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். அதன்பின் மீதி இருநூற்றுப் பதினோரு வரிகளை அவர்கள் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.