சாக்குக்குள் செம்மர விதை

காலை ஆறு மணி. அரூர் பேருந்து நிலையத்தில் டிரைவர் டீயை ஆற அமரக் குடித்துக்கொண்டிருந்தார். நானோ பஸ் படிக்கட்டில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பென்னாகரம் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் ஆரோக்கியமேரி அக்கா சற்று முன்புதான் போன் செய்தார்: "விதைய ஊறவெச்சு, சாக்குல கட்டி, மேல கல்லு வெச்சிருக்கேங்க. இன்னிக்கு நாலாம் நாளு." பிரித்துக் கொட்டுங்கள் என்று நான் கத்துவதற்குள் போன் அணைந்துவிட்டது.

அழிந்துவரும் செம்மரம் அது. அக்காவின் வரப்பில் நின்ற ஒற்றை மரம் ஆடிக்காற்றில் வேரோடு சாய்ந்தது. அதற்குமுன் பொறுக்கிய நெற்றுகள்தான் மிச்சம். ஓடு கெட்டி, லேசில் முளைக்காது. சாணிக்கரைசலில் ஒரு நாள் ஊறி, மறுநாள் காய்ந்து, மறுபடியும் ஊறவேண்டும். அரூரில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அக்கா ஊறவைத்ததோடு சரி. பிறகு நெல்லுக்கு முளைகட்டுவதுபோல் கட்டிவிட்டார்.

தருமபுரி சுமார் நாற்பது கிலோமீட்டர். அங்கே பஸ் மாறினேன். இண்டூரில் தக்காளிக் கூடைகள் ஏறி முடிவதாக இல்லை.

"அண்ணே, வண்டிய எடுங்க!"

கண்டக்டர் சிரித்தார். "என்னாங்க சார், பிரசவத்துக்கா போறீங்க?"

"அப்படித்தான்னு வெச்சுக்கங்க!"

பென்னாகரத்தில் ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். பேரம் பேசவில்லை.

"வூட்டுக்குள்ள வாங்க சார். கரண்டு இல்லாம போன் செத்துப்போச்சு" என்றார் அக்கா.

"சாக்கு எங்கக்கா?"

கல்லைத் தள்ளி அவிழ்த்தேன். சூடும் புளித்த நாற்றமும் முகத்தில் அடித்தன. நடுவிலிருந்த நெற்றொன்றை உடைத்தேன். விதை கூழாகிவிட்டிருந்தது. அடுத்ததும் கூழ்.

அக்காவின் முகம் செத்துப்போயிற்று. "நெல்லுக்கு இப்டித்தானங்க கட்டுவோம். சூடு ஏறுனாத்தான மொளைக்கும்?"

திட்டுவதற்கு வழியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டுச் சாக்குக்குள் கைவிட்டுத் துழாவினேன். சாக்கின் வாயோரம் கிடந்தவை மட்டும் கெட்டியாக இருந்தன. இருவரும் பொறுக்கி நிழலில் பரப்பினோம். இரண்டு கையளவு தேறியது.

மதியம் நான் கிளம்பும்போது பாதியைத் துணியில் முடிந்து நீட்டினார்.

"நீங்க கொண்டு போங்க சார். என் கைய மட்டும் நம்ப வேணாம்."

"நீங்களே பாத்துக்குவீங்கக்கா."

"இல்லீங்க. ரெண்டு எடத்துல இருந்தா ஒரு எடத்துலயாச்சும் பொழைக்கும்."

முடிச்சை வாங்கிக்கொண்டேன். திரும்பும் பஸ்ஸில் முடிச்சை மடியில் அவிழ்த்து வைத்து, ஜன்னல் காற்று படும்படி உட்கார்ந்தேன். பண்ணையில் எத்தனையோ மரங்களுக்கு நாற்றுப் போட்டிருக்கிறேன். போனால் இன்னொரு விதை வரும் என்ற தைரியம் எப்போதும் உண்டு. இதற்கு அந்தத் தைரியம் இல்லை. அரூர் வந்து சேரும்வரை அந்தத் துணியிலிருந்து நான் கையை எடுக்கவேயில்லை.