கரி பஸ்ஸில் கைலாசகோனை அருவிக்கு

இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் பூந்தமல்லியில் ஓடிய கரி பஸ்களில் என் கைக்கு அடங்கினதுபோல வேறு யார் கைக்கும் வண்டி அடங்கியதில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிற்பாடு மூன்று பஸ்ஸுக்கு முதலாளி ஆனேன். அதற்கு ஆரம்பம் ஒரு காணும் பொங்கல்.

இந்தக் காலத்து டிரைவர்களுக்குக் கரி பஸ் தெரியாது. பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் முதுகில் பீப்பாய் மாதிரி ஒரு அடுப்பு வைத்திருப்போம். அதில் கரியைக் கொட்டி நெருப்பு வைத்து, காற்று ஊதுகிற பிளோயரைக் கையால் அரை மணி சுற்றினால் கேஸ் வரும். அந்தக் கேஸில்தான் இன்ஜின் ஓடும். வண்டியை நிறுத்தினால் காற்று வழியை மூடி அடுப்பைத் தூங்க வைக்கலாம்; இரண்டு மணி நேரம் நெருப்பு அணையாது.

கரையான்சாவடிக் கடைக்காரர்கள், பெண்டு பிள்ளைகளோடு சேர்த்து இருபது பேர், காணும் பொங்கலுக்கு அருவி பார்க்க வண்டி கேட்டார்கள். பெரிய டிரைவருக்குக் காய்ச்சல். லைசென்ஸ் எடுத்தும் கிளீனராகவே கிடந்த என்னை முதலாளி கூப்பிட்டார்.

"வெளக்கு வெக்கறதுக்குள்ள வண்டி ஷெட்ல நிக்கணும். நின்னா நாளையிலேர்ந்து நீ டிரைவர். இல்லேன்னா ஆயுசுக்கும் கிளீனருதான்டா."

குண்டு வீச்சுக்குப் பயந்து முகப்பு விளக்குக்குக் கறுப்புத் துணி கட்டிய காலம். இருட்டில் வண்டி ஓட்ட அவர் விடமாட்டார்.

விடிவதற்கு முன்னே கிளம்பினோம். இட்லிக் கடை கன்னியம்மா எனக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் வம்புக்கு இழுத்தாள்.

"இன்னா நைனா, வண்டி ஓட்டறியா, எறும்புக்கு வழி உட்டுகினு போறியா?"

"ஏறி உக்காந்துட்ட இல்லக்கா, கம்முனு வா. அருவி எங்கியும் ஓடிப்போவாது."

ஊத்துக்கோட்டை தாண்டி, நாகலாபுரம் தாண்டி, மலையடியில் நிறுத்தினேன். அங்கிருந்து அருவிக்குப் பாறை வழியாக அரை மணி நடை. டிரைவர் வண்டியை விட்டுப் போகக்கூடாது என்பது தொழில் வழக்கம். ஆனால் நான் அதுவரை தண்ணீர் விழுந்து பார்த்ததெல்லாம் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி வழியும் கலங்கலில்தான். அடுப்பைத் தூங்க வைத்துவிட்டு அவர்களோடு ஏறினேன்.

மரங்களுக்கு நடுவே முதலில் சத்தம் வந்தது. ஒரு பாறையைச் சுற்றினதும் வெள்ளை வேட்டியைப் பிரித்துத் தொங்கவிட்டது போலத் தண்ணீர்! அரிசிக் கடைக்காரர், எந்நேரமும் விறைப்பாக இருக்கிற மனுஷர், அருவிக்கு அடியில் நின்று கூத்தில் வரும் ராஜா மாதிரி கத்தினார். நானும் தலையைக் கொடுத்தேன். முதுகில் யாரோ அன்பாகக் குத்துவது போல இருந்தது. கீழே இறங்கும்வரை எல்லாரும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

"ஈரத் துணிய எங்கடா காயப் போடறது?" என்றார் அரிசிக் கடைக்காரர்.

"டாப்புல போடுங்க, வெயிலு நல்லா அடிக்குது" என்றேன் கெத்தாக. முதல் வேட்டி என்னுடையதுதான்.

டாப்பில், பஸ் கூரை மேல், இருந்தவை கரி மூட்டைகள்; அது எனக்கு உறைக்கவே இல்லை! எல்லாரும் கட்டுச்சோறு சாப்பிட்டு முடிக்கிறவரை இருபது பேர் துணியும் அவற்றின் மேல் சொட்டிக்கொண்டு இருந்தது. பிறகு நான் ஒரு மூட்டையை அவிழ்த்து அடுப்பில் கொட்டி, பிளோயரைச் சுற்றினேன். கேஸ் வரவில்லை, வெள்ளை ஆவிதான் வந்தது. இன்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டுப் படுத்துவிட்டது. வெயில் மேற்கே சாய ஆரம்பித்திருந்தது.

கன்னியம்மா இறங்கி வந்து, ஒரு கரித்துண்டை எடுத்து இன்னொன்றின் மேல் தட்டினாள்.

"நீ வண்டிக்குக் கரி போடறவன். நான் சோத்துக்குக் கரி போடறவ. இத்தக் கேளு, தொப்புனு கீது. ஈரம். இது ணங்குனு கேக்குதா? காஞ்சது. எல்லாத்தியும் தட்டிப் பாத்துப் பொறுக்கலாம், வாங்கடா!"

அடுப்பில் இருந்த ஈரக் கரியை நான் வாரி வெளியே போட்டேன். மற்ற மூட்டைகளைச் சூடான பாறை மேல் கொட்டினோம். இருபது பேரும் உட்கார்ந்து தட்டினார்கள். மலையடி முழுக்க ணங், தொப், ணங். யாரோ அந்தத் தாளத்துக்குக் கும்மிப் பாட்டு எடுத்தார்கள். மூட்டைகளின் அடியில் இருந்த கரி நனையவில்லை; ஊர் திரும்பும் அளவுக்குத் தேறியது. அதைப் போட்டு நெருப்பு மூட்டி, முறை வைத்து பிளோயரைச் சுற்றினோம். இன்ஜின் பிடித்ததும் போட்ட கூச்சலில் குரங்கெல்லாம் மரம் தாவின.

பூந்தமல்லி ஷெட்டில் வண்டி நுழைந்தபோது வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. முதலாளி டாப்பில் இருந்த ஈர மூட்டைகளைக் கவனித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். இருபது கறுத்த முகங்கள், பல் மட்டும் வெள்ளை.

"குளிக்கப் போனீங்களா, கரி சுடற மூட்டத்துல வேலைக்குப் போனீங்களா? கரி எப்டிடா நனைஞ்சுது?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். கன்னியம்மா என் காலை மிதித்தாள்.

"நாங்கதான் மொதலாளி, துணிய மேல போட்டுட்டோம். புள்ள வேணாம் வேணாம்னுதான் சொல்லிச்சு."

அரிசிக் கடைக்காரரும் தலையை ஆட்டினார். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"காலையில அஞ்சு மணி வண்டி நீ எடு. மூஞ்சக் கழுவிகினு வா."

அன்றைக்கு வழக்கப்படி வண்டியோடு தனியாக உட்கார்ந்திருந்தால் கரி நனைந்திருக்காது. நிஜம்தான். ஆனால் வேறு ஏதாவது பழுதாகி நின்றிருந்தால் இறங்கி வந்து கை கொடுக்க ஒருத்தரும் இருந்திருக்க மாட்டார்கள். பிரயாணிகளோடு சேர்ந்து நனைகிற டிரைவருக்காக அவர்கள் கரியும் பொறுக்குவார்கள், பொய்யும் சொல்வார்கள். அதனால் தம்பிகளா, அருவிக்குச் சவாரி போனால் நீங்களும் போய்க் குளியுங்கள். வேட்டியை மட்டும் பார்த்துக் காயப் போடுங்கள்.