அலாஸ்காவில் ஒரு திவசம்

இளையதம்பி விக்னராஜா யாழ்ப்பாணம் உடுவிலில் பிறந்தவர். சிட்னியில் பாலங்களைப் பரிசோதிக்கும் பொறியியலாளராக உழைத்தவர். தகப்பனார் காலமான செய்தி 1971இல் தந்தியாகச் சிட்னியின் ஸ்ட்ராத்ஃபீல்ட் வீட்டை வந்தடைந்தபோது ஊரில் தகனமே முடிந்திருந்தது. மூத்த மகன் இவர் இருக்க, தம்பி கொள்ளி வைத்தார். அந்தக் குறை நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தபடியால், ஆண்டுத் திவசத்தை மட்டும் விக்னராஜா ஒருபோதும் தவறவிட்டதில்லை.

காட்டு வழியே நடப்பதும் விலங்குகளைப் பார்ப்பதும் அவருக்கிருந்த ஒரே ஆடம்பரம். 1977 ஆகஸ்டில், கூட வேலை செய்த கோயம்புத்தூர்க்காரர் கிருஷ்ணசாமியுடன், அலாஸ்காவின் வடகோடியிலுள்ள வனவிலங்குக் காப்பகத்துக்குப் புறப்பட்டார். திதியும் அந்தப் பயணத்துக்குள்ளேயே வந்து விழுந்தது.

"மாமாவின்ரை திவசத்தை விட்டிட்டோ போறியள்?" என்று மனைவி நாகேஸ்வரி கேட்டார்.

"விடேல்லை. அங்கையும் காகம் இருக்குது. அண்டங்காகம்."

காப்பகத்தில் மரமென்று ஒன்றில்லை. பாசி, கல், ஆற்றைக் கடக்கும் மான்கூட்டம், ஓயாத காற்று. துப்பாக்கியோடு கூட வந்த வழிகாட்டி முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: கூடாரத்துக்கு அருகில் ஒரு பருக்கையும் கிடக்கக் கூடாது, கரடி மோப்பம் பிடித்துவிடும்.

திதியன்று வழிகாட்டி ஆற்றுப்பக்கம் போன நேரம் பார்த்து, விக்னராஜா சோறும் பருப்பும் ஆக்கிக் கூடாரத்தின் பின்னால், அவர் கண்ணில் படாத தட்டைக் கல்லொன்றில் படைத்தார். காகம் எடுத்த பின்பே தாம் சாப்பிடலாம். வெளிச்சம் மங்கும்வரை பட்டினியாக வானத்தைப் பார்த்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"உங்கப்பாவுக்கு அமெரிக்க விசா கிடைக்கலையாய்யா?" என்றார் கிருஷ்ணசாமி. விக்னராஜா சிரிக்காததைக் கண்டு குரலைத் தாழ்த்தினார். "எடுத்துப் போட்டுடுங்க. அந்தாளு பார்த்தா தொலைச்சிடுவான்."

"படைச்சதை எப்பிடித் திருப்பி எடுக்கிறது? விடியட்டும்."

விடிந்தபோது வந்தது கரடிதான். கல்லை நக்கி முடித்து, மணம் போன வழியே கூடாரத் துணியைக் கிழித்தது. வழிகாட்டி கத்தினார், வானத்தை நோக்கிச் சுட்டார். அது விலகவில்லை. அடுத்த குண்டு நெஞ்சில் பாய்ந்தது. உயிர் லேசில் போகவில்லை; பின்னங்கால்கள் பாசியைப் பிறாண்டிக்கொண்டே இருந்தன.

அதன் மூக்கில் ஒட்டியிருந்த சோற்றை வழிகாட்டி குனிந்து பார்த்தார். "யார் வைத்தது?"

"நான்."

வழிகாட்டி தோலை உரிப்பதற்குக் கத்தியை எடுத்தார்.

அப்போதுதான் அண்டங்காகங்கள் வந்தன. கூட்டமாய் இறங்கிக் கரடியின் கண்களைக் கொத்தின. ஒன்று மட்டும் தத்தித் தத்திக் கல்லில் ஏறி, இடுக்கில் எஞ்சியிருந்த பருக்கைகளைப் பொறுக்கியது.

"வந்துடுச்சு," என்றார் கிருஷ்ணசாமி, வேறெங்கோ பார்த்தபடி. "இப்பவாவது ஒரு வாய் சாப்பிடுங்க."

விக்னராஜா அன்றும் சாப்பிடவில்லை.

அதன்பின் ஸ்ட்ராத்ஃபீல்டில் திவசங்கள் முறைப்படியே நடந்தன. காகத்துக்கு வைப்பது மட்டும் நாகேஸ்வரியின் வேலையாயிற்று. விக்னராஜா குசினிக் கதவுக்கு உள்ளே, அடுப்பைப் பார்த்து, முதுகைக் காட்டி நின்றபடி கேட்பார்: "என்ன வந்தது?"

"காகம்தான்," என்று நாகேஸ்வரி சொன்ன பிறகே இலையில் வந்து அமர்வார்.