இருக்கிற இடம் தெரியாத பெண்

இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பேசுவதற்கு மார்க் போடுகிறார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பரீட்சையில் எழுதுவதற்கு எவ்வளவோ, ஏறக்குறைய அதே அளவு வகுப்பில் கை தூக்கி வாயைத் திறப்பதற்கும். நெய்வேலியில் நான் படித்தபோது டீச்சர் வெளியே போனால் லீடர் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று தலைப்பு எழுதுவாள். பதினோரு வருஷத்தில் அதன்கீழே என் பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை. அதை ஏதோ பதக்கம் வாங்கியதுபோல அம்மா எங்கள் பிளாக் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

என் மகள் நான்காம் வகுப்பு. பெயர் வாணி. பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்! நவம்பரில் அவளுடைய டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். மேற்கு ஜெர்மனிக்கு வந்து பத்து வருஷமாகியும் என் ஜெர்மன் கடைகண்ணிக்குப் போய்வரத்தான் காணும். டீச்சர் எனக்காக மெதுவாகச் சொன்னாள்: "வாணி வகுப்பில் இருப்பதே தெரிவதில்லை." எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "டாங்கே, டாங்கே" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மறுபடியும் அதையே சொன்னாள். காது மந்தம் என்று நினைத்தாளோ என்னவோ. நானும் சளைக்காமல் மறுபடியும் நன்றி சொன்னேன்.

வெளியே வந்ததும் வாணி என் கையை உதறினாள். "அம்மா, அவங்க கம்ப்ளெயின்ட் பண்றாங்க. நீ எதுக்குத் தேங்க்ஸ் சொல்ற?"

இங்கே நான்காம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறார்கள். கிம்னாசியும் என்ற பள்ளிக்குப் போனால்தான் பின்னால் பல்கலைக்கழகம். முதலில் நான் அதை உடற்பயிற்சிக்கூடம் என்று நினைத்திருந்தேன். அது கிடைக்காவிட்டால் பதினைந்து பதினாறு வயதில் தொழில் பழகப் போகவேண்டியதுதான். யார் எங்கே என்பது பெரும்பாலும் டீச்சர் எழுதும் சிபாரிசில் இருக்கிறது. கணக்கில் முதலாவதாக வரும் என் பெண்ணுக்கு, ஜனவரிக்குள் வாயைத் திறக்காவிட்டால் கிம்னாசியும் என்று எழுத முடியாது என்றிருக்கிறாள். இதற்குத்தான் நான் பல்லெல்லாம் தெரிய நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

நெய்வேலியில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று விளக்க வேண்டியதில்லை. அப்பா சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து சுரங்கத்தில் பர்மனென்ட் ஆனவர். நைட் ஷிப்ட் வாரத்தில் பகல் முழுக்க ஹாலில் தூங்குவார். குவார்ட்டர்ஸில் இருந்ததே அந்த ஒரு ஹாலும் ஒரு அறையும்தான். நான் சாக்கு விரித்து அதன்மேல் பாத்திரம் கழுவினேன். தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டேன். கொலுசைக் கழற்றி வைத்தேன். அண்ணன் டிரான்சிஸ்டரில் கிரிக்கெட் கேட்டால் மட்டும் அப்பாவின் தூக்கம் கெடாது, அது என்ன தூக்கமோ! பக்கத்து வீட்டு அக்கா குறிஞ்சிப்பாடிக்காரர். "எங்க வூட்டுதுங்க நாள் பூரா கத்திகினே கெடக்குதுங்க. உங்க பொண்ணு வூட்ல இருக்கிற எடமே தெரியலியே, குடுத்து வெச்சவங்க நீங்க" என்பார். அம்மாவுக்குப் பெருமை தாங்காது. எனக்கும்தான்.

வீட்டில் சொன்னது போதாதென்று பத்திரிகையும் சினிமாவும் சொல்லின. எங்கள் பிளாக்கில் ஒரே வாரப் பத்திரிகை வீடு வீடாகச் சுற்றி, அட்டை கிழிந்து எங்களிடம் வந்துசேரும். தொடர்கதையில் மாமியார் எது சொன்னாலும் கதாநாயகி தலையைக் குனிந்துகொள்வாள், நாற்பது வாரம் குனிந்தே இருந்து கடைசி வாரம் ஜெயிப்பாள். மகளிர் பக்கத்தில், கணவர் வேலையிலிருந்து வந்ததும் குறைகளைக் கொட்டாதீர்கள் என்று குறிப்பு இருக்கும். சினிமாவில் பேன்ட் போட்டுக்கொண்டு எதிர்த்துப் பேசுகிறவள் இடைவேளைக்கு முன்னால் அறை வாங்குவாள். வாங்கின மறுகாட்சியில் புடவை, பூ, குங்குமம். தியேட்டரே விசிலடிக்கும். நானும் கைதட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த வருஷம் மகளிர் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சேர வேண்டும். வந்தது திங்கட்கிழமை, அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வாரம். "அப்பா முழிக்கட்டும், நேரம் பாத்துக் கேளு" என்றாள் அம்மா. நேரம் பார்த்தேன். அவர் எழுந்தால் காபி, பேப்பர், குளியல், சாப்பாடு. அதற்குள் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிடும். செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. வியாழக்கிழமை அவர் சாப்பிடும்போது கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு மோர் ஊற்றினேன். "என்னம்மா?" என்று அவரே கேட்டார். "ஒண்ணுமில்லப்பா" என்றேன். வெள்ளிக்கிழமையும் அவர் தூங்கினார்.

இரண்டு வருஷத்தில் கல்யாணம் ஆகி இங்கே வந்தேன். மாப்பிள்ளை வீட்டாரிடமும் அம்மா சொன்னது, இவள் இருக்கிற இடமே தெரியாது என்பதுதான். போன வருஷம் ஊருக்கு வந்தேன். அப்பா ஓய்வுபெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்ய டிரங்குப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். அந்தக் கடிதம் அகப்பட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "ஏம்மா, என்னை எழுப்பியிருக்கக் கூடாதா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுப்பலாம் என்பது அந்த ஐந்து நாளும் எனக்குத் தோன்றவே இல்லையே!

இங்கேயும் என் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைதான். பாத்திரத்துக்கு அடியில் டவல் விரித்திருக்கிறேன். சாக்கு கிடைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். வாணி நடக்கப் பழகியதே பாதம் ஊன்றாமல்தான். இந்த ஊர்ப் பெண்கள் ஏதோ சுதந்திரத்தில் திளைக்கிறார்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். டிவியைப் போட்டால் விளம்பரத்தில் ஒருத்தி சலவைத்தூள் டப்பாவைக் கட்டிக்கொண்டு பூரித்துப்போய் நிற்கிறாள். ஆனால் அவளுக்கும் வாய் இருக்கிறது, பாட்டுப் பாடிக்கொண்டே துவைக்கிறாள்.

டீச்சரைப் பார்த்துவிட்டு வந்த நாள் முதல் "பேசுடி, கையைத் தூக்குடி" என்று வாணியைப் பிடுங்கி எடுத்தேன். டிசம்பரில் இவருடைய சிநேகிதர் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார். அவர் பையனும் வாணியின் வகுப்புதான். பேச்சுவாக்கில், "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு பெரிய ஸ்கூலு? தையல் கிய்யல் கத்துக்கிட்டாப் போதாதா?" என்றார். வாணி தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "நான்தான் அங்கிள் கணக்குல ஃபர்ஸ்ட். உங்க பையன் லாஸ்ட்" என்றாள்.

ஒரு மாதமாக நான் தவம் கிடந்தது இதற்குத்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "வாணி! பெரியவங்ககிட்ட என்ன வாய் இது?" என்று அதட்டினேன். யோசித்து வந்ததில்லை, தானாக வந்தது. அவள் முகம் செத்துப்போயிற்று. அவர்கள் போனபின் அடுக்களைக்கு வந்து, "எங்கேம்மா பேசணும்? ஸ்கூல்ல மட்டுமா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். பாத்திரம் தேய்த்தேன்.

ஜனவரியில் டீச்சர் எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்து வாணியிடம் ஏதோ கேட்டாள். வாணி பதில் சொல்லுமுன் என் முகத்தைப் பார்த்தாள். அடுத்த கேள்விக்கும் பார்த்தாள். டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மரியாதையாகத்தான், என்னைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னாள்.

கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். நடையில் சின்னச் சின்னக் கோட்டுகள் வரிசையாக மாட்டியிருந்தன. பிறகு வாணியின் குரல் வந்தது. என் வீட்டில் ஒருநாளும் கேட்டிராத உரத்த குரல். நிறுத்தாமல், வேகவேகமாக, ஜெர்மனில் பேசினாள். பேசுகிறாளே, பேசுகிறாளே என்று எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. என்ன பேசுகிறாள் என்றுதான் பிடிபடவில்லை. 'மைனே முட்டர்', என் அம்மா, என்பது மட்டும் இரண்டு தடவை காதில் விழுந்தது. உள்ளே போனால் நிறுத்திவிடுவாள். கதவோடு காதை ஒட்டிக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் நின்றேன்.