வாத்துக்கு நீச்சல் தெரியாத மூன்று ஆட்டங்கள்

பல் டாக்டரம்மாவிடம் யாரும் எதிர்வாதம் செய்ததில்லை. எப்படிச் செய்வார்கள்? அவள் பேச்சைத் தொடங்கும்போது கேட்பவர் வாயில் பஞ்சு இருக்கும்.

காத்திருக்கும் பிள்ளைகள் அழாமலிருக்க, வெளியறை டிவியில் குடை வாத்து வீடியோ கேமைக் கணவர்தான் மாட்டி வைத்தார். முன்மேசையில் டோக்கன் கொடுப்பவர் அவர். நாளடைவில் பிள்ளைகளைவிட டாக்டரம்மாவுக்குத்தான் அந்தப் பைத்தியம் முற்றியது. மொத்தம் நான்கு ஆட்டங்கள். அவற்றில் மூன்றாவதுதான் சிறந்தது என்பது அவள் கட்சி. அதில்தான் வாத்து குடையை விரித்துத் தாவும்போது குஞ்சுகளும் வரிசையாகப் பின்னால் தாவும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றாள்.

அன்று நாற்காலியில் இருந்தவர் பஸ் டிரைவர். கடைவாய்ப் பல் சொத்தை. ஊசி போட்டு, தாடை மரத்ததும் டாக்டரம்மா வழக்கம்போல ஆரம்பித்தாள். டிரைவர் பஞ்சு அடைத்த வாயோடு தலையை ஆட்டி மறுத்தார்.

“நாயாவது!”

“நாயா? மூணாவதுல நாயே வராதே!”

டிரைவர் நான்கு விரலைக் காட்டினார். டாக்டரம்மா குறடைத் தட்டில் வைத்துவிட்டாள்.

“நாலாவதா? அதுல என்னங்க இருக்கு?”

டிரைவர் பஞ்சைத் துப்பினார். “வாத்து நீந்துது டாக்டரம்மா. மொத மூணுலயும் தண்ணில விழுந்தா செத்துடுது. வாத்துங்க அது! வாத்து!”

இத்தனை வருஷமாக இது அவளுக்கு உறைக்கவே இல்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. “எழுந்து வாங்க, காட்டுறேன்” என்று அவரை வெளியறைக்கு இழுத்துப் போனாள். கன்னம் வீங்கிய பெண்ணும், ஈறு வலிக்காரரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

ஆட்டத்தில் வாத்து ஒரு மேகத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. குஞ்சுகள் பின்தொடர்ந்தன. பாதி முகம் மரத்த டிரைவர் மீதிப் பாதியால் சிரித்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது, அருவி வரும்வரை. கடைக்குட்டிக் குஞ்சு கால் இடறித் தண்ணீரில் விழுந்து மறைந்தது.

“ஐயோ!” என்று அறையே அலறியது. வீங்கிய கன்னக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நாலாவதா இருந்தா நீந்திருக்கும்” என்றார் டிரைவர் மெதுவாக.

டாக்டரம்மா ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தாள்.

முன்மேசையிலிருந்து கணவர் தலையை நீட்டினார். “என்னைக் கேட்டா மொத ஆட்டம்தான். குஞ்சும் கிடையாது, கவலையும் கிடையாது.”

“நீங்க சும்மா இருங்க!” டாக்டரம்மாவும் டிரைவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அதற்குள் டிரைவருக்கு மரப்பு தெளிந்து, வலி உச்சந்தலையில் ஏறியது. திரும்ப நாற்காலி, திரும்ப ஊசி. இந்தத் தடவை டாக்டரம்மா வாயே திறக்காமல் பல்லைப் பிடுங்கி முடித்தாள்.

அடுத்த வாரம் டிரைவர் மறுபடி டோக்கன் வாங்கினார். வலது பக்கம் ஏதோ குறுகுறுப்பாம். அவள் விளக்கைத் திருப்பி, கண்ணாடிக் குச்சியை விட்டு ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தாள்.

“எல்லாப் பல்லும் கல்லு மாதிரி இருக்கே?”

“அப்ப டிவி போடலாமா?”

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினாள். “நாலாவதை நீங்க ஆடுங்க. நீந்துறப்ப மட்டும் எங்கிட்ட குடுத்துடணும்.”