ஏழாவது பெயர்

காலை 6.10. விருதுநகர் சந்திப்பில் இறங்கினேன். மிளகாய் மண்டியின் நெடி தண்டவாளத்தைத் தாண்டி வந்து தும்ம வைத்தது. தோள்பையில் ஒரு மாற்றுச்சட்டை, வேதாகமம், தனி ஜெபத்தில் ஆழமாவது எப்படி என்று நான் பேசவேண்டிய பதினொரு பக்கங்கள். தனியாக ஜெபித்து எனக்கு எட்டு மாதம் ஆகிறது. ஜெபங்களை எழுதுகிறேன், சபைப் பத்திரிகை ஒன்றில் மாதாமாதம் வருகின்றன. வாசிக்கிறவர்கள் அழுவதாகச் சொல்கிறார்கள். எழுதுகிற கண் வறண்டு கிடக்கிறது.

6.45. சிவகாசிப் பேருந்து. இருபத்தைந்து ரூபாய், ஒரு மணி நேரம். வழியெல்லாம் கருவேலங்காடு, அதற்குள்ளே ஒன்றையொன்று அண்டாமல் நிற்கும் சின்ன வெள்ளை அறைகள். ஏன் இப்படித் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள் என்று நடத்துநரைக் கேட்டேன்.

"ஒண்ணு போனா மத்ததாவது நிக்கணும்ல சார்" என்றார், அடுத்த பயணச்சீட்டைக் கிழித்தபடி.

9.30. நாரணாபுரம். சிவகாசியிலிருந்து ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். ஞாயிற்றுக்கிழமை, பட்டாசுக் கம்பெனிகளுக்கு விடுமுறை. சபையில் அறுபது பேர் இருந்தார்கள். "அறைக்குள் போங்கள், கதவைப் பூட்டுங்கள், கண்களை மூடுங்கள்" என்று ஒரு மணி நேரம் பேசினேன். குரல் நடுங்கவேண்டிய இடத்தில் சரியாக நடுங்கியது.

12.15. ஞானம்மாள் வீட்டில் சாப்பாடு. என்னைக் கூப்பிட்டவரே இவர்தான். போன வருடம் வெடிமருந்து கலக்கும் அறையில் தீப்பிடித்து இவர் கணவரின் கைகள் வெந்துபோயின. அப்போது எனக்கு வாட்ஸப்பில் எழுதினார். 'தினமும் அவர் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன்' என்று பதில் போட்டேன். பலருக்கும் போடுகிற பதில் அது.

"உங்க ஜெபந்தான் ஐயா இவுகள எளுப்பி உக்கார வச்சிச்சு" என்றார் ஞானம்மாள். எதிரே அந்த மனிதர், ரோஜா நிறத்தில் பளபளத்த புதுத்தோல் விரல்களால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

கணவரின் தங்கை சரோஜா ரசம் ஊற்ற வந்தாள். "கதவப் பூட்டச் சொல்லுதீகளே ஐயா! எங்க கம்பெனில கதவச் சாத்துனாலே போர்மேன் வெளிய அனுப்பிருவாரு. நெருப்புன்னா ஓடணும்ல. கண்ண மூடுனா அதுக்கும் ஏச்சுதான்!"

எல்லோரும் சிரித்தோம். "பின்னே எப்போது ஜெபிப்பீர்கள்?" என்றேன்.

ஞானம்மாள் சொன்னார். "கம்பெனி ரூமுக்குள்ள போறப்ப வாசல்ல செப்புத் தகட்டத் தொடணும் ஐயா, ஒடம்புல இருக்க கரண்டு எறங்குறதுக்கு. ஒரு தொடலுக்கு ஒரு பேரு. ஒரு நாளைக்கு இருவது தடவையாவது போக வர இருப்பேன். ஏளாவது உங்க பேரு."

இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன்.

1.00. "பொறப்படுமுன்ன இவுகளுக்காக ஒரு ஜெபம் பண்ணுங்கய்யா." எழுந்து நின்றார்கள். கண்களை மூடினேன். சொற்கள் வரிசையாக வந்தன, பழகிய மாடுகளைப் போல. பெயர் சொல்லவேண்டிய இடம் வந்தது. பெயர் இல்லை. வாட்ஸப்பில் எழுதியிருந்தார், என்னிடம் அது தங்கவில்லை. சாப்பாட்டு நேரத்திலும் மனைவிக்கு 'இவுக', தங்கைக்கு 'அண்ணன்'. "இந்த அருமைச் சகோதரரை..." என்று நழுவினேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு முறை நழுவினேன்.

அப்போது ஞானம்மாள், பிறர் முன்னால் கணவர் பெயரைச் சொல்லிப் பழகாதவர், எனக்காக மெல்லச் சொன்னார்: "செல்வராசு, ஐயா."

கண்ணைத் திறந்தேன். ஞானம்மாளின் கண்கள் திறந்தே இருந்தன.

"ஒருநாள்கூட ஜெபிக்கவில்லை, அம்மா. பொய் எழுதினேன்."

சரோஜாவின் முகத்தில் சிரிப்பு அணைந்தது. ஞானம்மாள் கணவரின் கைகளைப் பார்த்தார். பிறகு, "சபையில எந்திரிச்சு சாட்சி சொன்னேனே ஐயா. அந்த ஐயா தெனமும் ஜெபிக்காகன்னு அம்புட்டுப் பேர்ட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேனே" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது சொல்லக் கிடைத்திருக்கும்.

"விடு ஞானம். அவுகளும் மனுசந்தான்" என்றார் செல்வராசு.

"விடுறேன். ஏளாவதுலருந்து உங்க பேர எடுக்க மாட்டேன், அது அங்கனயே இருக்கட்டும். நீக இனிமேலாவது செய்வீகளா?"

'செய்வேன்' என்பது நான் ஏற்கெனவே செலவழித்துவிட்ட சொல். தலையை மட்டும் அசைத்தேன்.

3.20. திரும்பும் பேருந்து. ஊரில் என் ஜெபங்களுக்கு முன்னுரை உண்டு, உவமை உண்டு, முடிவில் ஒரு தாழ்ந்த குரல் உண்டு. இங்கே ஒன்றும் கைக்கு வரவில்லை. "செல்வராசு" என்றேன்.

பக்கத்து இருக்கைக்காரர் திரும்பினார். "என்னயவா கூப்பிட்டீக?"

"இல்லைங்க."

சன்னல் பக்கம் திரும்பி, இன்னும் மெதுவாக, மறுபடியும் சொன்னேன்.